குட்டைக் குழாயும் நீளக் குழாயும்

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை சேகரிக்கும் ஆசாமிகள் இரண்டு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் ஒரு சண்டை நிச்சயம். ஜப்பான் பொம்மை உசத்தியா, அமெரிக்கப் பொம்மை உசத்தியா? பெரும்பாலும் ஜப்பான் கட்சிதான் ஜெயிக்கும். 'டக்காரா தங்கம், ஹாஸ்ப்ரோ தகரம்' என்கிற ரேஞ்சில் பேச்சு போகும். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த சேகரிப்பாளர்கள்கூட, பக்கத்துத் தெருக் கடையில் கிடைப்பதை விட்டுவிட்டு, கப்பல் செலவும் கொடுத்து ஜப்பானிலிருந்து வரவழைப்பார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்றால் 2007-இல் மைக்கேல் பே எடுத்த சினிமாதான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் பொம்மைதான் முதலில் வந்தது. காமிக்ஸ், கார்ட்டூன், சினிமா எல்லாம் பொம்மையை விற்பதற்காகப் பின்னால் வந்தவை. லாரி மனிதனாக மாறும், துப்பாக்கி மனிதனாக மாறும், விமானம் மனிதனாக மாறும். கையால் திருகி, மடக்கி, நீட்டி மாற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதிலும் சிவப்பு லாரியாக இருந்து மாறும் ஆப்டிமஸ் பிரைம்தான் ஹீரோ.

இந்த ஹீரோவை வைத்தே சண்டையைப் பார்க்கலாம். டிரான்ஸ்ஃபார்மர்ஸின் இருபதாம் ஆண்டை ஒட்டி டக்காரா நிறுவனம் 2003 கடைசியில் 'மாஸ்டர்பீஸ்' என்ற வரிசையைத் தொடங்கியது. முதல் பொம்மை ஆப்டிமஸ் பிரைம்தான் (ஜப்பானில் அவர் பெயர் கான்வாய்). நிறைய உலோகம், நல்ல கனம், கார்ட்டூனில் பார்த்த அதே முகவெட்டு. 2004-இல் அதே பொம்மையை ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் வெளியிட்டது. அதே அச்சு, அதே உறுப்புகள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு வித்தியாசம் உடனே கண்ணில் படும். லாரியின் இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கும் புகைக்குழாய்கள் ஜப்பான் பொம்மையில் நீளமாக இருக்கும். அமெரிக்கப் பொம்மையில் பாதியில் வெட்டியது போலக் குட்டையாக இருக்கும்.

அந்தக் குட்டைக் குழாய்க்காக ஹாஸ்ப்ரோ வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "கஞ்சப் பிசினாரிகள், பிளாஸ்டிக்கில்கூட மிச்சம் பிடிக்கிறார்கள்" என்பதுதான் முதலில் எழும் சந்தேகம். அது சரியா என்று பார்க்க, இருபது வருடம் பின்னால் போக வேண்டும்.

ஜப்பானில் பிறப்பு, அமெரிக்காவில் பெயர்சூட்டு விழா

டக்காராவிடம் 1980-களின் தொடக்கத்தில் இரண்டு பொம்மை வரிசைகள் இருந்தன. ஒன்று டயாக்ளோன். இன்னொன்று மைக்ரோமேன் வரிசையின் கிளையாக 1983-இல் வந்த மைக்ரோ சேஞ்ச். டயாக்ளோனில் கார்களும் லாரிகளும் ரோபோக்களாக மாறும், ஆனால் அவற்றுக்கு உயிர் கிடையாது. உள்ளே சின்னஞ்சிறு மனிதன் உட்கார்ந்து ஓட்டுவான். சுமார் ஓர் அங்குல உயரம், காலில் காந்தம். மைக்ரோ சேஞ்சில் வீட்டில் இருக்கும் துப்பாக்கி, டேப் ரெக்கார்டர் மாதிரியான சாமான்கள் ரோபோக்களாக மாறும்.

இவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுவர ஹாஸ்ப்ரோவுக்கும் டக்காராவுக்கும் இடையே தரகு பேசியவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்தில் பிறந்த யூதர், நாஜி வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர், பிற்பாடு அமெரிக்காவில் பொம்மைகளைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர் (2021-இல் காலமானார்). ஹாஸ்ப்ரோ இரண்டு வரிசைகளையும் ஒன்றாகக் கலந்து, மார்வெல் காமிக்ஸ் ஆட்களிடம் கொடுத்துக் கதை எழுதச் சொன்னது. அங்கேதான் பெரிய மாற்றம் நடந்தது. ரோபோக்களை யாரும் ஓட்டவில்லை, அவையே உயிருள்ள ஜீவன்கள் என்று கதை கட்டினார்கள். பாப் புடியான்ஸ்கி என்ற மார்வெல் ஆசிரியர் பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயர் வைத்தார். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயர் மட்டும் டென்னிஸ் ஓ'நீல் வைத்தது. 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கடைக்கு வந்தது.

ரோபோவுக்கே உயிர் வந்துவிட்டதால் ஓட்டுனருக்கு வேலை போய்விட்டது. பெட்டியிலிருந்து குட்டி மனிதர்கள் நீக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களுக்காகச் செய்த இருக்கைகள் பல பொம்மைகளில் அப்படியே காலியாகக் கிடந்தன. இன்றும் பழைய பொம்மையின் கதவைத் திறந்தால் அந்தக் காலி சீட்டைப் பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருடமே, 1985-இல், இந்த அமெரிக்கக் கதையும் பெயரும் ஜப்பானுக்கே திரும்பிப் போய் அங்கேயும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்றே விற்க ஆரம்பித்தார்கள். ஆக, 'அசல் ஜப்பான் சரக்கு' என்று சொல்லும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். உடம்பு ஜப்பானில் செய்தது. உயிர் அமெரிக்காவில் கொடுத்தது.

என்னென்ன காணாமல் போயின?

கடல் தாண்டும்போது குட்டி மனிதர்கள் மட்டும் காணாமல் போகவில்லை. வில்லன் மெகாட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வால்தர் பி-38 என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கியாக மாறுவார். ஜப்பானில் விற்ற பொம்மை நிஜமாகவே சின்ன பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும். அமெரிக்காவில் விற்ற பொம்மை சுடாது. கார் ரோபோக்களின் தோளில் இருக்கும் ஏவுகணைகள் ஜப்பானில் 'விர்'ரென்று பாயும். அமெரிக்கப் பெட்டியில் வந்தவற்றில் ஸ்பிரிங்கை வலுவிழக்கச் செய்திருந்தார்கள். விசையை அமுக்கினால் ஏவுகணை சோம்பேறித்தனமாக வழுக்கிக் கீழே விழும் :-)

சேகரிப்பாளர்கள் இதையெல்லாம் வரிசையாகப் பட்டியல் போட்டு, "பாருங்கள், அமெரிக்காக்காரன் பொம்மையைக் கெடுத்துவிட்டான்" என்பார்கள். பட்டியல் சரிதான். காரணத்தைத்தான் பலர் சொல்வதில்லை.

1978-இன் இறுதி. தொலைக்காட்சியில் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' ஓடிக்கொண்டிருந்த நேரம். மேட்டல் நிறுவனம் அந்தத் தொடரில் வரும் விண்கலங்களைப் பொம்மையாகச் செய்து விற்றது. அவற்றில் சின்னச் சின்ன ஏவுகணைகள், ஸ்பிரிங்கால் பாய்பவை. அமெரிக்காவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அந்த ஏவுகணையை வாய்க்குள் விட்டுச் சுட்டுக்கொண்டான். அது தொண்டையில் அடைத்து இறந்துபோனான். 1979 தொடக்கத்தில் மேட்டல் அந்த ஏவுகணைகளைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு ஏவுகணை பாயாதபடி பொம்மையையே மாற்றியது.

இந்த ஒரு மரணம் அமெரிக்கப் பொம்மைத் தொழிலையே உலுக்கியது. கென்னர் நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ்' போபா ஃபெட் பொம்மைக்கு முதுகிலிருந்து ராக்கெட் பாயும் என்று விளம்பரமே செய்திருந்தது. கடைசியில் ராக்கெட்டை ஒட்டவைத்துத்தான் அனுப்பியது. (அந்தப் பாயும் ராக்கெட்டின் மாதிரிப் பொம்மைகள் இப்போது ஏலத்தில் லட்சம் டாலருக்கு மேல் போகின்றன. அது தனிக் கதை.) ஐந்து வருடம் கழித்து டக்காராவின் ஏவுகணைப் பொம்மைகள் ஹாஸ்ப்ரோவின் மேஜைக்கு வந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்த யாரும் அந்தச் சிறுவனை மறந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்பிரிங் வலுவிழந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

ஓர் உருளைக் குழலின் கதை

அமெரிக்காவில் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்ன உருளைக் குழல் உண்டு. விட்டம் ஒன்றேகால் அங்குலம். அடிப்பாகம் சாய்வாக இருக்கும், ஆழம் ஓர் அங்குலத்தில் தொடங்கி இரண்டேகால் அங்குலம் வரை போகும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையில் எந்தத் துண்டாவது இதற்குள் முழுதாக அடங்கிவிட்டால் அந்தப் பொம்மையை விற்க முடியாது. 1980-இலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. பாயும் ஏவுகணைக்கு இன்னும் கடுமையான தரம் பின்னால் வந்தது. பொம்மை எந்த வயதுக்காரருக்கு என்றாலும் சரி, பாயும் துண்டு அந்தக் குழலுக்குள் அடங்கக் கூடாது.

இப்போது ஒரு மர்மம் விலகும். ஹாஸ்ப்ரோ 2002-இல் பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை மறுபடி வெளியிட்டது. அவற்றின் ஏவுகணைகள் அசலைவிட அசிங்கமாக நீண்டிருந்தன. புகைக்குழாயைக் குட்டையாக்கிய அதே ஆட்கள் ஏவுகணையை ஏன் நீட்டினார்கள்? பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இது பொருந்தவே இல்லையே. குழலை நினைத்துக்கொண்டால் பொருந்துகிறது. பாய்வது தொண்டைக்குள் போகாத அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். நீட்டிக்கொண்டு நிற்பது, குழந்தை தடுக்கி அதன் மேல் விழுந்தால் கண்ணைக் குத்தாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். ஏவுகணை நீண்டதும் குழாய் சுருங்கியதும் ஒரே காரணத்தால்தான்.

சோதனை இதோடு முடிவதில்லை. பொம்மையை மூன்றடி உயரத்திலிருந்து நான்கு முறை கீழே போடுவார்கள். உறுப்புகளைத் திருகுவார்கள், இழுப்பார்கள். உடைந்து கூர்முனை வெளியே வந்தால் தேறாது. பல ரோபோக்களின் கை கால் மூட்டுகள் பந்துக் கிண்ணம் போல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரொம்ப இழுத்தால் உடையாமல் 'டக்'கென்று கழன்று வரும், மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

ஜப்பானில் பாதுகாப்புச் சோதனையே இல்லையா என்றால், இருக்கிறது. 1971-இலிருந்து 'எஸ்.டி.' முத்திரை என்று ஒன்று அங்கே உண்டு. ஆனால் மாஸ்டர்பீஸ் பொம்மைகளின் பெட்டியில் டக்காரா '15 வயதுக்கு மேல்' என்று அச்சடித்துவிடும். அதாவது இது குழந்தைக்கு இல்லை, குழந்தையாக இருந்து வளர்ந்தவருக்கு. ஹாஸ்ப்ரோவின் பொம்மை பொம்மைக் கடையில் அலமாரியில் நிற்கும். யார் வேண்டுமானாலும் ஐந்து வயதுப் பையனுக்கு வாங்கிக்கொண்டு போகலாம்.

மெகாட்ரான் விஷயத்தில் சட்டமே நேரடியாகக் குறுக்கே வந்தது. 1988-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, நிஜம் போலத் தெரியும் பொம்மைத் துப்பாக்கியின் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு அடையாளம் இருக்க வேண்டும். 1993-இல் வந்த மெகாட்ரான் பச்சை நிற பீரங்கி வண்டியாகிவிட்டார். 2006-இல் மறுபடி துப்பாக்கியானார், ஆனால் பச்சையும் ஊதாவும் ஆரஞ்சுமாக, பார்த்தவுடனே விளையாட்டுத் துப்பாக்கி என்று தெரிகிற மாதிரி. 2007-இல் ஜப்பானில் அச்சு அசல் பி-38 ஆகவே மாஸ்டர்பீஸ் மெகாட்ரான் வந்தது. ஹாஸ்ப்ரோ அதை அமெரிக்காவில் வெளியிடவே இல்லை.

பெயின்ட் விவகாரம்

எல்லாவற்றையும் பாதுகாப்பின் தலையில் கட்டிவிடவும் முடியாது. ஜப்பான் கட்சியின் வலுவான வாதம் பெயின்ட். 2000-களிலும் 2010-களிலும் ஒரே அச்சில் வந்த பொம்மைகளைப் பக்கத்தில் வைத்தால், பொதுவாக டக்காராவின் பொம்மையில் வண்ணம் அதிகமாக இருக்கும். சக்கரத்தின் நடுவில் வெள்ளி, விளக்கில் மஞ்சள், முகத்தில் நுணுக்கம். ஹாஸ்ப்ரோவின் பொம்மையில் இவை பல இடங்களில் வெறும் பிளாஸ்டிக் நிறமாகவே நிற்கும்.

இதற்குக் காரணம் கணக்குதான். ஒவ்வொரு வண்ணமும் தொழிற்சாலையில் ஒரு தனி வேலை. அச்சுத்தகடு வைத்துத் தெளிக்க வேண்டும், காய வைக்க வேண்டும், அடுத்த வண்ணத்துக்குப் போக வேண்டும். 2007 வாக்கில் நடுத்தர அளவு ரோபோ ஒன்று அமெரிக்காவில் சுமார் 10 டாலருக்கு விற்றது (இப்போது 20 டாலரைத் தாண்டிவிட்டது). அந்த விலைக்குள் அடக்க வேண்டுமென்றால் எங்காவது கை வைத்தாக வேண்டும். கை வைத்தது பெயின்டில். இங்கே ஜப்பான் கட்சிக்கு மார்க் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வேறு சில இடங்களிலும் அவர்களுக்கே மார்க். 1987-இல் வந்த ராட்சத ரோபோ ஃபோர்ட்ரஸ் மாக்சிமஸ் ஜப்பானில் வாளோடு வந்தது, அமெரிக்காவில் வாள் இல்லை. 1988-இல் ஜப்பானில் ஜின்ராய் என்ற ரோபோவோடு இணைந்து பெரிய உருவமாகும் காட்பாம்பர் வந்தது. அமெரிக்கக் குழந்தைகள் அதைக் கண்ணாலேயே பார்க்கவில்லை.

அப்போ ஜப்பான்தானே ஜெயித்தது?

அவசரம் வேண்டாம். மறுபக்கமும் இருக்கிறது.

2006-இல் டக்காரா டோமி (அந்த வருடம்தான் டக்காராவும் டோமியும் இணைந்தன) மாஸ்டர்பீஸ் ஸ்டார்ஸ்க்ரீமை வெளியிட்டது. எஃப்-15 போர் விமானமாக மாறுபவர். நிஜ விமானம் போல இருக்க வேண்டும் என்று மங்கலான பச்சை கலந்த சாம்பல் நிறம் அடித்துவிட்டார்கள். கார்ட்டூனில் சாம்பலும் சிவப்பும் நீலமுமாகப் பார்த்து வளர்ந்த ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஹாஸ்ப்ரோ அதே அச்சை வாங்கி, கார்ட்டூன் வண்ணத்தில் வால்மார்ட்டில் விற்றது. அந்த ஒரு முறை ஜப்பான் கட்சி ஆட்களே அமெரிக்கப் பெட்டியைத் தேடி அலைந்தார்கள்!

ஜெட்ஃபயர் கதை இன்னும் வேடிக்கை. 1985-இல் ஹாஸ்ப்ரோ விற்ற வெள்ளை விமான ரோபோ. அந்தப் பொம்மையைச் செய்தது டக்காராவே இல்லை, டக்காடோக்கு என்ற இன்னொரு ஜப்பான் நிறுவனம். 'மக்ராஸ்' தொடரின் விமானம் அது. அந்த உரிமை பிற்பாடு போட்டி நிறுவனமான பண்டாயிடம் போய்விட்டதால் டக்காராவால் அதை ஜப்பானில் விற்க முடியவில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முத்திரையோடு அந்த ஜப்பான் பொம்மை வேண்டுமென்றால் அமெரிக்காவில்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக, காலம் வைக்கும் பரீட்சை. 1980-களின் கடைசியில் பொன்னிறம் மினுமினுக்கும் ஒரு வகை பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு குறை. வருடங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே பலமிழந்து, தொட்டால் பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிடும். சேகரிப்பாளர்கள் இதற்கு 'கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம்' என்று வியாதிப் பெயரே வைத்திருக்கிறார்கள். இதில் மாட்டியவர்களில் ஒருவர் பிளாக் சாரக். 1988-இல் ஜப்பானில் மட்டும் வெளியான, சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுத்து வாங்கும் ராட்சத ரோபோ. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் உள்ளே விரிசல் விடலாம். அமெரிக்கப் பொம்மைகளிலும் இந்த வியாதி உண்டு. வேதியியலுக்கு எந்த நாட்டுக் கடை என்று தெரியாது.

தரம் என்றால் என்ன?

2010-களின் இறுதியிலிருந்து சாதாரண வரிசைகளில் இரண்டு நிறுவனங்களும் பெரும்பாலும் ஒரே பொம்மையை ஒரே வண்ணத்தில் உலகம் முழுக்க விற்கின்றன. பழைய சண்டையின் சூடு பாதி ஆறிவிட்டது. ஆனால் அது கிளப்பிய கேள்வி ஆறவில்லை.

சேகரிப்பாளர் தரம் என்று சொல்வது அலமாரியில் நிற்கும் பொம்மையின் தரத்தை. கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதற்கு நீளக் குழாய்தான் அழகு, மறுப்பே இல்லை. மூன்று வண்ணம் கூட அடித்திருந்தால் இன்னும் அழகு. அதற்குக் கூடுதல் காசு கொடுப்பதும் அவரவர் இஷ்டம். ஆனால் அதே பொம்மையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடும் ஆறு வயதுப் பெண்ணுக்குத் தரம் என்பது வேறு. விழுந்தால் கண்ணில் குத்தாமல் இருப்பது தரம். கை கழன்றால் திரும்ப மாட்ட முடிவது தரம். அப்பாவின் சம்பளத்துக்குள் விலை அடங்குவதும் தரம்தான். பெயின்டில் மிச்சம் பிடித்ததற்கு ஹாஸ்ப்ரோவைத் தாராளமாகத் திட்டலாம். குட்டைக் குழாயையும் சோம்பேறி ஸ்பிரிங்கையும் அதே கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

1978-இல் இறந்த அந்தச் சிறுவனுக்கு நான்கு வயது. இருந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கடைக்கு வந்தபோது பத்து வயது ஆகியிருக்கும், வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கச் சரியான வயது. இன்றைக்கு ஐம்பதைத் தாண்டியிருப்பான். பழைய பொம்மைகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள்தான். அவனும் அவர்களில் ஒருவனாக உட்கார்ந்து, "என்னய்யா இது, புகைக்குழாயை இப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள்" என்று சலித்துக்கொண்டிருக்கலாம்.